சத்தோ ஓ-பிரியோன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் போர்தோ வட்டாரத்து ஒயின்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், கேள்விகள் கடைசியில் ஓ-பிரியோன் தோட்டத்தில் போய் நிற்கின்றன. அதன் வரலாறு நீளமானது, விலை மலைக்க வைப்பது, பெயரோ நாலைந்து வேறு தோட்டங்களோடு குழம்புவது. அடிக்கடி காதில் விழும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஓ-பிரியோன் என்பது ஊர் பேரா, கம்பெனி பேரா, இல்லை ஒயினோட பேரா?

முதலில் அது ஒரு தோட்டத்தின் பெயர். அப்புறம் அந்தத் தோட்டத்தில் விளையும் ஒயினின் பெயர். தென்மேற்கு பிரான்ஸில், போர்தோ நகரை ஒட்டிய பெசாக் என்ற ஊரில் இருக்கிறது. பரப்பு சுமார் 50 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 125 ஏக்கர். கிட்டத்தட்ட முழுவதும் சிவப்பு ஒயினுக்கான கருந்திராட்சை. 3 ஹெக்டேர் அளவில் மட்டும் வெள்ளைத் திராட்சை. இதை நடத்தும் நிறுவனத்தின் பெயர் டொமைன் கிளாரன்ஸ் தில்லன்.

கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியா பாட்டில்களில் திராட்சை ரகத்தின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். போர்தோவில் நிலத்தின் பெயர்தான் முன்னால் வரும். எந்தத் திராட்சை எத்தனை பங்கு என்பதை லேபிளில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கீழே வரும் பல பதில்களுக்கு இந்தப் பழக்கம்தான் அடிப்படை.

சத்தோன்னா அரண்மனைதானே? அங்கே ராஜா யாராவது இருந்தாரா?

போர்தோவில் ‘சத்தோ’ என்றால் நடைமுறையில் ஒயின் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஓட்டு வீடும் கொட்டகையும் மட்டுமே உள்ள தோட்டங்களும் அந்தப் பெயரில் விற்கின்றன. ஓ-பிரியோனில் உண்மையிலேயே கூரான கோபுரங்களோடு ஒரு பழைய மாளிகை இருக்கிறது. 1549-இல் கட்டத் தொடங்கியது. லேபிளில் காணும் படம் அந்த மாளிகைதான். ராஜா யாரும் குடியிருந்ததில்லை. ஆனால் ஓர் அரசரின் மேசைக்கு இந்த ஒயின் போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நகரத்துக்கு நடுவுல எப்படித் திராட்சைத் தோட்டம் இருக்க முடியும்?

தோட்டம் நகரத்துக்குள் வரவில்லை, நகரம்தான் வளர்ந்து தோட்டத்தைச் சூழ்ந்துகொண்டது. இன்று சுற்றிலும் வீடுகள், சாலை, ரயில் பாதை. பக்கத்தில் இருந்த எத்தனையோ தோட்டங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. இது தப்பித்ததற்குக் காரணம், இங்கே விளையும் ஒயினுக்கு மனை விலையை விஞ்சும் மதிப்பு இருந்தது.

நகரம் சூழ்ந்திருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. கட்டடங்களின் வெப்பத்தால் இங்கே காற்று வெளியூர்த் தோட்டங்களைவிடச் சற்றுச் சூடாக இருக்கிறது. திராட்சை சீக்கிரம் பழுக்கிறது. போர்தோவின் பெரிய தோட்டங்களில் முதலில் பறிப்பைத் தொடங்குபவற்றில் ஓ-பிரியோன் ஒன்று. வெள்ளைத் திராட்சையை ஆகஸ்டிலேயே பறிக்கத் தொடங்கிய ஆண்டுகள் உண்டு. இலையுதிர்கால மழை வருவதற்குள் பழம் உள்ளே வந்துவிடுவது பெரிய நிம்மதி.

அந்த மண்ணுல அப்படி என்ன விசேஷம்?

வளமில்லாததுதான் விசேஷம். இந்த வட்டாரத்துக்கே ‘கிராவ்’ என்று பெயர், அதாவது சரளைக்கல் நிலம். பழங்காலத்தில் ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த கூழாங்கற்கள் மேடாகக் குவிந்திருக்கின்றன. அடியில் களிமண்ணும் மணலும். மழைத் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும். கொடி தண்ணீரைத் தேடி வேரை ஆழமாக விட்டாக வேண்டும். பகலில் சூடேறும் கற்கள் இரவில் அந்தச் சூட்டை மெல்ல வெளிவிடும். காய்ப்பு குறைவு, பழம் சிறிது, சாறு அடர்த்தி.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1677-இல் இங்கே நேரில் வந்து பார்த்தார். வெள்ளை மணலும் கொஞ்சம் சரளையும் கலந்த இந்த மண்ணில் எதுவும் விளையும் என்று நம்பவே முடியாது என்பது போல எழுதி வைத்தார். இங்கிலாந்துப் பணக்காரர்கள் என்ன விலையானாலும் வாங்கச் சொல்லி ஆளனுப்புவதால் இந்த ஒயினின் விலை ஏறிவிட்டது என்பதையும் குறித்தார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய குறிப்பு இது. இன்றைய விலை பற்றிய கேள்விக்கும் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

இதை யார் ஆரம்பிச்சாங்க?

ழான் த போன்தாக். ‘பார்லமென்ட்’ எனப்பட்ட போர்தோ உயர் நீதிமன்றத்தில் பதவி வகித்த செல்வந்தர். 1525-இல் ழான் த பெலோன் என்ற பெண்ணை மணந்தபோது ஓ-பிரியோன் நிலத்தின் ஒரு பகுதி சீதனமாக வந்தது. (கணவன் மனைவி இருவர் பெயரும் தமிழில் ஒரே மாதிரி வருகிறது, பிரெஞ்சில் வேறு வேறு.) 1533-இல் மீதியையும் வாங்கிச் சேர்த்தார். மாளிகை கட்டியதும் அவரே. அந்தக் காலத்தில் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர், 1589-இல் இறந்தார். ஒரே மனிதர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே நிலத்தைக் கவனித்து வந்ததால், தோட்டம் துண்டாடப்படாமல் ஒரு முழு அமைப்பாக உருவானது.

இங்கிலாந்துக்காரங்களுக்கும் இந்தத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரொம்ப நெருங்கிய சம்பந்தம். எனக்கு இதன் வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். போர்தோவை உள்ளடக்கிய அக்கித்தேன் நாட்டு வாரிசு எலனோர் 1152-இல் ஹென்றி பிளாண்டஜெனெட்டை மணந்தார். இரண்டு ஆண்டுகளில் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். 1453 வரை போர்தோ ஆங்கில அரசரின் ஆட்சியில் இருந்தது. கப்பல் கப்பலாக ஒயின் லண்டனுக்குப் போனது. ஆனால் அது வெளிர்ச்சிவப்பான, அந்த ஆண்டே குடித்து முடிக்க வேண்டிய பொது ஒயின். எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதை மாற்றியவர்கள் போன்தாக் வம்சத்தார். 17-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அர்னோ த போன்தாக் காலத்தில் பீப்பாயில் காற்றிடம் இல்லாமல் நிரப்பி வைப்பது, தெளிந்த ஒயினை வண்டலிலிருந்து பிரித்து வேறு பீப்பாய்க்கு மாற்றுவது போன்ற வேலைகள் ஒழுங்காக நடந்தன. ஒயின் கருத்தது, நீண்ட நாள் கெடாமல் நின்றது. அதைத் தோட்டத்தின் பெயரிலேயே விற்றார்கள். 1660-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஒயின் கணக்கேட்டில் இந்தப் பெயர் வருகிறது. 1663 ஏப்ரல் 10 அன்று லண்டனில் கடற்படை அதிகாரி சாமுவேல் பெப்பிஸ் ஒரு விடுதியில் இதைக் குடித்துவிட்டு, இதுவரை கண்டிராத நல்ல, தனித்த சுவை என்று நாட்குறிப்பில் எழுதினார். பெயரைக் காதால் கேட்டபடி ‘ஹோ பிரையன்’ என்று குறித்திருக்கிறார்.

1666-இல் லண்டன் பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி எரிந்தது. அந்த ஆண்டே அர்னோ தன் மகன் பிரான்சுவா-ஒகுஸ்தை அங்கே அனுப்பி ஓர் உணவு விடுதி திறக்க வைத்தார். ‘போன்டாக்ஸ் ஹெட்’ என்ற அந்த இடம் எழுத்தாளர்களும் அறிவியலாளர்களும் கூடும் இடமானது. தன் நிலத்தின் பெயரைச் சொல்லி, வாங்குபவர் ஊரிலேயே கடை போட்டு, உயர்ந்த விலைக்கு ஒயின் விற்றது அன்றைக்குப் புதுமை. பிற்காலத்தில் புகழ்பெற்ற போர்தோ தோட்டங்கள் எல்லாம் இந்த வழியில்தான் நடந்தன.

ப்ளெண்ட்னா கலப்படம்தானே? ஒரே திராட்சையில செஞ்சாதானே சுத்தம்?

நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். கலப்படம் என்பது வெளியிலிருந்து மட்டமான ஒன்றைச் சேர்த்து ஏமாற்றுவது. இங்கே சேர்வது எல்லாம் அதே தோட்டத்தின் பழம், அதே ஆண்டு விளைச்சல், அதே ஆட்கள் செய்த ஒயின். போர்தோவின் சிவப்பு ஒயின்கள் பெரும்பாலும் பல ரகங்களின் கலவைதான்.

காரணம் வானிலை. அட்லான்டிக் கடல் பக்கத்தில் இருப்பதால் இங்கே எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது. பூக்கும் நேரத்தில் குளிர்ந்தால் ஒரு ரகம் அடிபடும், பறிக்கும் நேரத்தில் மழை பெய்தால் இன்னொன்று. எல்லா ரகமும் ஒரே நாளில் பூப்பதில்லை, பழுப்பதில்லை. பல ரகங்களை நட்டால் ஒன்று கைவிட்ட ஆண்டில் மற்றொன்று காப்பாற்றும். பாதுகாப்புக்காகத் தொடங்கிய பழக்கம் பின்னால் சுவைக்கான கலையாக வளர்ந்தது. தனியாக எந்த ரகமும் தராத முழுமை கலவையில் கிடைப்பதைக் கண்டுகொண்டார்கள்.

அப்போ என்னென்ன திராட்சை போடறாங்க? ஒவ்வொண்ணும் என்ன செய்யுது?

முக்கியமாக மூன்று. மெர்லோ சீக்கிரம் பழுக்கும். சதைப்பற்றும் மென்மையும் பழச்சுவையும் தரும். காபர்னே சோவிஞோன் தாமதமாகப் பழுக்கும். தோல் தடிமன், மணி சிறிது. டானின் என்ற துவர்ப்புச் சத்தும் நிறமும் நீண்ட ஆயுளும் இதிலிருந்து வரும். காபர்னே ஃபிரான் அளவில் குறைவு, ஆனால் நறுமணத்துக்கு அதுதான். நான்காவதாகப் பெத்தி வெர்தோ கொஞ்சமே கொஞ்சம் நட்டிருக்கிறார்கள்.

ஓ-பிரியோனில் மெர்லோவும் காபர்னே சோவிஞோனும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கின்றன. காபர்னே ஃபிரான் பத்தில் ஒரு பங்கு போல. இது கவனிக்க வேண்டிய விஷயம். வடக்கே மெதோக் பகுதியில் உள்ள லத்தூர், லஃபீத் போன்ற தோட்டங்களில் காபர்னே சோவிஞோன்தான் ஆதிக்கம் செலுத்தும். அவற்றோடு ஒப்பிட்டால் ஓ-பிரியோனில் மெர்லோவின் பங்கு அதிகம். இளமையிலேயே கொஞ்சம் இணக்கமாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

சரி, கலவைக்கு ஃபார்முலா இருக்கா? ரகசியமா வச்சிருக்காங்களா?

ஃபார்முலாவும் இல்லை, ரகசியமும் இல்லை. ஒவ்வோர் ஆண்டின் விகிதத்தையும் அவர்களே வெளியிடுகிறார்கள். 2009-இல் மெர்லோ 46 விழுக்காடு, காபர்னே சோவிஞோன் 40, காபர்னே ஃபிரான் 14. அடுத்த ஆண்டே, 2010-இல், காபர்னே சோவிஞோன் 57, மெர்லோ 23, காபர்னே ஃபிரான் 20. ஒரே தோட்டம், ஒரே குழு, அடுத்தடுத்த ஆண்டுகள். மெர்லோவின் பங்கு பாதியாகிவிட்டது! இரண்டுமே மிக உயர்வாகப் பேசப்படும் ஒயின்கள்.

வீட்டில் இட்லிக்கு ஊறவைக்கும்போது உளுந்து புதுசா பழசா என்று பார்த்துக் கைப்பிடியைக் கூட்டிக் குறைப்பதில்லையா, அது மாதிரிதான். குறிப்பிட்ட விகிதத்தைக் காப்பாற்றுவது அவர்கள் நோக்கமில்லை. இந்த நிலம் இந்த ஆண்டில் தரக்கூடிய மிகச் சிறந்த ஒயின் எது என்று தேடுவதுதான் நோக்கம். ஓ-பிரியோனைப் பற்றி ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள். அந்தப் பெயர் ஒரு சமையல் குறிப்புக்குரியதல்ல, நிலத்துக்கும் அங்கே ஆண்டுதோறும் எடுக்கப்படும் முடிவுக்கும் உரியது.

அந்த முடிவை யார் எடுக்கறாங்க, எப்போ எடுக்கறாங்க?

திராட்சையை ஆட்கள் கையால் பறிக்கிறார்கள். ரகம் வாரியாக, நிலத் துண்டு வாரியாகத் தனித்தனித் தொட்டிகளில் நொதிக்க விடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிறது. அந்த நேரத்தில் தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. பிறகு இரண்டாவதாக ஒரு மாற்றம் நடக்கிறது. பச்சை ஆப்பிளில் இருக்கும் கூர்மையான புளிப்பை நுண்ணுயிரிகள் மிதமான புளிப்பாக மாற்றுகின்றன. இவ்வளவும் முடிந்த நிலையில் கையில் ஒரு ஒயின் இல்லை, பல சிறிய ஒயின்கள் இருக்கும்.

குளிர்காலத்தில் தோட்டத்தின் பொறுப்பாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சுவைக்கிறார்கள். எதை எதோடு சேர்ப்பது, எதை விலக்குவது என்று மாதிரிக் கலவைகள் செய்து பார்க்கிறார்கள். முடிவான கலவை 225 லிட்டர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாய்களில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் இருக்கும். பீப்பாய் செய்யும் பட்டறைகூடத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

இந்தப் பொறுப்பில் தெல்மா குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் இருந்திருக்கின்றன: ழோர்ஜ், அவர் மகன் ழான்-பெர்னார், பேரன் ழான்-ஃபிலிப். ஒரு நிலத் துண்டு மழை ஆண்டில் எப்படி நடந்துகொள்ளும், வறண்ட ஆண்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற அறிவு. காகிதத்தில் எழுதி வைத்துவிட முடியாது.

விலக்கினதை என்ன பண்றாங்க? கீழ கொட்டிடுவாங்களா?

இல்லை. முதல் ஒயினில் சேராத தொட்டிகளில் தரமானவை இரண்டாவது ஒயினாகின்றன. முன்பு அதன் பெயர் பாஹான் ஓ-பிரியோன். 2007 விளைச்சலிலிருந்து ‘ல கிளாரன்ஸ் த ஓ-பிரியோன்’. பெரும்பாலும் இளங்கொடிகளின் பழமும், அந்த ஆண்டு கலவைக்குப் பொருந்தாத தொட்டிகளும் இதில் வரும். அதே நிலம், அதே கைகள், ஆனால் விலை பல மடங்கு குறைவு. சீக்கிரமே குடிக்கத் தயாராகிவிடும். இரண்டாவது ஒயின் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். இது இருப்பதால்தான் முதல் ஒயினில் கறாராக இருக்க முடிகிறது.

1855 பட்டியல்னு சொல்றாங்களே, அது என்ன?

மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் நடத்திய உலகக் கண்காட்சிக்காக போர்தோவின் ஒயின் தரகர்கள் தயாரித்த தரவரிசை. பல்லாண்டுகளாக எந்தத் தோட்டம் என்ன விலைக்குப் போனது என்பதை வைத்து ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் நான்கு தோட்டங்கள்: லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். 1973-இல் மூத்தோன் என்ற தோட்டம் ஐந்தாவதாகச் சேர்ந்தது.

சிவப்பு ஒயின் பட்டியலில் உள்ள மற்ற எல்லாத் தோட்டங்களும் மெதோக் பகுதியைச் சேர்ந்தவை. வெளியிலிருந்து, கிராவ் பகுதியிலிருந்து இடம்பெற்ற ஒரே தோட்டம் ஓ-பிரியோன். அதன் பெயரை விட்டுவிட்டு ஒரு பட்டியல் போட முடியாத நிலை அன்று இருந்தது. அதற்கும் முன்பே, 1787-இல் அமெரிக்கத் தூதராக பிரான்ஸில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன் போர்தோவுக்கு வந்து முதல்தரமானவை என்று இதே நான்கைத்தான் குறித்தார். அமெரிக்கர்களின் நாவுக்கு ஓ-பிரியோன் அதிகம் பிடிக்கும் என்றும் எழுதினார்.

ஒரு அமெரிக்கர் வாங்கிட்டார்னு கேள்விப்பட்டேன். அப்போ இது பிரெஞ்சு ஒயினே இல்லையா?

வாங்கியது உண்மை. போன்தாக் வம்சத்துக்குப் பிறகு தோட்டம் பல கை மாறியது. ஃபூமெல் குடும்பத்தின் ழோசெஃப் த ஃபூமெல் புரட்சிக் காலத்தில் 1794-இல் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டார். 1801 முதல் 1804 வரை நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலெய்ரான் உரிமையாளராக இருந்தார். 1836-இல் லாரியூ குடும்பம் வாங்கியது. 1935-இல் நியூயார்க் வங்கியாளர் கிளாரன்ஸ் தில்லன் கைக்கு வந்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் இருந்த நேரம், ஒயின் தோட்டத்தில் பணம் போட யாரும் முன்வராத நேரம். இன்று அவருடைய கொள்ளுப்பேரன், லக்ஸம்பர்க் இளவரசர் ராபர்ட் தலைமையில் நடக்கிறது.

உரிமையாளரின் நாடு மாறினாலும் நிலம் பெசாக்கில்தான் இருக்கிறது, வேலை செய்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். தில்லன் குடும்பத்தின் பணமும் பொறுமையும் தோட்டத்துக்கு நல்லதே செய்தன என்பது என் கருத்து. 1961-இல் ழான்-பெர்னார் தெல்மா நொதித்தலுக்கு எவர்சில்வர் தொட்டிகளைக் கொண்டுவந்தார். முதல் வகுப்புத் தோட்டங்களில் அதுவே முதல் முறை. வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கவும் தொட்டியைச் சுத்தமாக வைக்கவும் அது பெரிய உதவி. மிகப் பழைய தோட்டம் புதுமைக்கு முதலில் கை நீட்டியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ரெட் ஒயின்தானே, இனிக்குமா? எப்படி இருக்கும்?

இனிக்காது. சர்க்கரை முழுவதும் நொதித்து முடிந்திருக்கும். முதல் முறை குடிப்பவருக்குத் துவர்ப்புதான் முதலில் தெரியும். சுவைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வாசனையை: புகை, உலர்ந்த புகையிலை, மழை பெய்த மண், சூடான கல், அதற்கடியில் கருநிறப் பழங்கள். எத்தனையோ ஒயின்களுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காணக்கூடியது என்று பெயர் பெற்றது அந்தப் புகைவாசனையால்தான். பெப்பிஸ் ‘தனித்த சுவை’ என்றது இதைத்தானோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

1976-ல கலிஃபோர்னியா ஒயின்கிட்ட தோத்துப் போச்சாமே?

ஆமாம். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பாரிஸில் நடத்திய போட்டி. பெயரை மறைத்துப் பிரெஞ்சு நடுவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம் பெற்றது (பெயருக்குப் பின் வரும் எண் விளைச்சல் ஆண்டு). போர்தோ தோட்டங்களான மூத்தோன் 1970 இரண்டாவது, மோன்றோஸ் 1970 மூன்றாவது, ஓ-பிரியோன் 1970 நான்காவது.

‘பிரெஞ்சு ஒயின் வயதான பிறகுதான் மிளிரும், அன்றைக்கு அது குழந்தை’ என்று பலர் சமாதானம் சொன்னார்கள். முப்பது ஆண்டு கழித்து 2006-இல் அதே ஒயின்களை மறுபடி சுவைத்தபோது முதல் ஐந்து இடங்களையும் கலிஃபோர்னியாவே பிடித்தது. எனவே அந்தச் சமாதானம் நிற்காது. ஆனால் மேலே சொன்னதை இங்கேயும் பொருத்திப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒயின் மாறும்போது, ஒரே ஓர் ஆண்டின் பாட்டிலை வைத்துத் தோட்டத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. 1945, 1961, 1989 ஆகியவை ஓ-பிரியோனின் மகத்தான ஆண்டுகளாகக் கொண்டாடப்படுபவை. 1970 அந்த வரிசையில் இல்லை.

லா மிசியோன் ஓ-பிரியோன், லே கார்ம் ஓ-பிரியோன், லாரிவே ஓ-பிரியோன்... எல்லாம் ஒண்ணுதானா?

ஒன்றில்லை. பணம் கொடுக்கும் முன் இதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். லா மிசியோன் சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள தோட்டம். பாதிரிமார் நடத்தியது, பல காலம் போட்டித் தோட்டம். 1983-இல் தில்லன் நிறுவனம் வாங்கியது. அதே குழுதான் இரண்டையும் செய்கிறது, ஆனால் பழத்தையோ ஒயினையோ கலப்பதில்லை. அதே கைகள், கூப்பிடு தூரம், ஆனாலும் லா மிசியோன் இன்னும் திடமாக, செறிவாக வரும். நிலத்தின் பங்கு எவ்வளவு என்று புரிய இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

லே கார்ம் பக்கத்திலேயே இருந்தாலும் உரிமையாளர் வேறு, கலவையும் வேறு. அங்கே காபர்னே ஃபிரானுக்கு மிகப் பெரிய இடம். லாரிவே ஓ-பிரியோன் தெற்கே லெயோஞான் ஊரில் இருக்கும் தனித் தோட்டம். இவை நல்ல ஒயின்கள்தாம், ஆனால் சத்தோ ஓ-பிரியோன் அல்ல. பாட்டிலின் வடிவமும் ஓர் அடையாளம். 1958 விளைச்சலிலிருந்து ஓ-பிரியோன் பாட்டிலின் தோள் சரிந்து, மற்ற போர்தோ பாட்டில்களிலிருந்து வேறுபட்டிருக்கும்.

வெள்ளை ஒயினும் உண்டாமே?

உண்டு. சோவிஞோன் பிளாங், செமியோன் என்ற இரண்டு ரகங்களின் கலவை. நிலம் 3 ஹெக்டேர்தான் என்பதால் மிகக் குறைவாகவே கிடைக்கும், பல ஆண்டுகளில் சிவப்பைவிட விலை அதிகம். 1855 முதல் வகுப்புப் பட்டம் சிவப்புக்கு மட்டும்.

விலை ஏன் இவ்வளவு? ஒரு பாட்டிலுக்கு நூற்றுக்கணக்கான யூரோவா?

செய்வதற்கு அவ்வளவு செலவாவதில்லை. கையால் பறிப்பு, புதுப் பீப்பாய், கறாரான தேர்வு எல்லாம் செலவுதான், ஆனால் விலையின் பெரும்பகுதி தட்டுப்பாட்டாலும் பெயராலும் வருவது. நிலத்தை நீட்ட முடியாது. கேட்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். லாக் 1677-இல் கண்டதும் இதே கதைதான்.

விற்பனை முறையும் ஒரு காரணம். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே வியாபாரிகளுக்கு முன்விற்பனை நடக்கும். பாட்டில் கைக்கு வர மேலும் ஓரிரு ஆண்டுகள் ஆகும். இடையில் பல கை மாறி, ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். முதலீடாக வாங்கிப் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல ஒயின் குடிக்கப்படாமல் கிடங்கில் கிடப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லதுதானே?

உலகில் பெரும்பாலான ஒயின்களுக்கு இது பொய். ஓ-பிரியோன் போன்றவற்றுக்கு ஓரளவு உண்மை. நல்ல ஆண்டின் பாட்டில் இருபது, முப்பது ஆண்டுகள் மெருகேறும், சில அதையும் தாண்டும். துவர்ப்பு மென்மையாகும், பழச்சுவை பின்வாங்கிப் புகை, தோல், உலர் இலை வாசனைகள் முன்வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் உச்சம் உண்டு, அதற்குப் பிறகு இறக்கம்தான்.

பாட்டிலைப் படுக்க வைத்து, வெளிச்சம் படாமல், 12 முதல் 14 டிகிரியில் வைத்திருந்தால் மட்டுமே இதெல்லாம். அலமாரியில் காட்சிக்கு நின்ற பாட்டில் கோடை வெயிலில் வீணாகியிருக்கும். பழைய பாட்டிலின் அடியில் வண்டல் தங்குவது கெட்டுப்போன அறிகுறி இல்லை. ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, தெளிவாக வேறு பாத்திரத்துக்கு ஊற்றிவிடலாம்.

இது சைவமா? முட்டை போடறாங்கன்னு சொன்னாங்களே?

சரியான சந்தேகம். போர்தோவின் பழைய மரபில், பாட்டிலில் அடைக்கும் முன் முட்டை வெள்ளைக்கருவைப் பீப்பாயில் கலப்பார்கள். அது கரடுமுரடான துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும், மேலே தெளிந்த ஒயினை எடுத்துவிடுவார்கள். ஒயினில் அது ஏறக்குறைய மிஞ்சாது, ஆனால் பயன்படுத்தியிருப்பது உண்மை. கறாராகச் சைவம் பார்ப்பவர்கள் இந்த வகை ஒயின்களைச் சைவம் என்று தாமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாவரப் பொருளால் தெளிய வைத்ததாக லேபிளில் சொல்லும் பாட்டில்கள் இப்போது கிடைக்கின்றன, அவற்றைத் தேடுங்கள்.

தினமும் கொஞ்சம் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?

அந்த நம்பிக்கையை வைத்துக் குடிக்கத் தொடங்க வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. முதல்தர ஒயினிலும் இருப்பது அதே சாராயம்தான். 2009, 2010 விளைச்சல்களில் அது 14 விழுக்காட்டைத் தாண்டுகிறது. குடிக்காதவர்களும் இந்தத் தோட்டத்தின் வரலாற்றைத் தாராளமாக ரசிக்கலாம்.

அவ்வளவு காசு கொடுக்க முடியாது. அந்த மண்ணோட ருசியைத் தெரிஞ்சுக்க வேற வழி இருக்கா?

இருக்கிறது. 1987 முதல் பெசாக்-லெயோஞான் என்பது தனிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஓ-பிரியோனும் அதற்குள்தான் வருகிறது. லேபிளில் அந்தப் பெயர் உள்ள சிறிய தோட்டங்களின் சிவப்பு ஒயின், ஓ-பிரியோன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். பிரான்ஸிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்களுக்கு நல்ல கடைகளில் தேடுவது எளிது. நாலைந்து பேர் சேர்ந்து ‘ல கிளாரன்ஸ்’ ஒரு பாட்டில் வாங்குவது இன்னொரு வழி. ‘கிளாரந்தெல்’ என்ற பெயரில் அதே நிறுவனம் குறைந்த விலையில் ஒயின் விற்கிறது. ஓ-பிரியோனின் ஊக்கத்தில் பிறந்தது என்று விளம்பரப்படுத்துவார்கள். அது நல்ல தயாரிப்பு, ஆனால் போர்தோவின் பல இடத்துத் திராட்சையில் உருவாவது, அதில் இந்த நிலத்தைத் தேட வேண்டாம்.

எதை வாங்கினாலும் 16 முதல் 18 டிகிரியில் பரிமாறுங்கள். நம் ஊர் அறை வெப்பம் இதற்கு அதிகம், குடிப்பதற்கு அரை மணி முன்பு குளிர்பெட்டியில் வைத்தால் சரியாக இருக்கும். முடிந்தால் ஒரே தோட்டத்தின் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். கலவை ஏன் மாறுகிறது என்று நான் மேலே எழுதியதை அந்த இரண்டு கோப்பைகளிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.